பானத்தை விளைவிப்பவரும் புட்டிக்கு உரியவரும்

தாகம் உயிர்களுக்கெல்லாம் பொதுவானது. ஆயினும் அத்தாகத்தைத் தணிக்க மாந்தர் கண்ட பானங்களோ நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. மதி மயக்கும் மது வகைகளை விட்டுவிட்டு, உடலுக்கு ஊறு செய்யாத பானங்களை மட்டும் எண்ணிப் பார்த்தாலும் அவற்றின் வகைகள் நம்மை வியக்கச் செய்யும். அவ்வியப்போடு நின்றுவிடாமல், கூட்டுறவாளர் என்ற முறையில் நாம் எழுப்ப வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இப்பானங்களை நிலத்திலே விளைவிப்பவர் யார்? அவற்றைப் புட்டியில் அடைத்துப் பெயர் சூட்டி விற்பவர் யார்? விற்ற காசு எவர் மடியில் விழுகிறது? இக்கேள்விகளுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாடுதோறும் ஒரு பானம்

துருக்கி நாட்டார் தயிரில் நீரும் உப்பும் கலந்து கடைந்து ‘அய்ரான்’ என்று பருகுகின்றனர். நம் வீட்டு நீர்மோருக்கு அது உடன்பிறப்பு எனலாம். எகிப்திலும் சூடானிலும் புளிச்சைக் குடும்பத்துச் செடி ஒன்றின் செந்நிறப் புல்லிதழ்களை உலர்த்தி, நீரில் ஊறவைத்து, ‘கர்கதே’ என்னும் புளிப்புப் பானமாக்குகின்றனர். மெக்சிக்கோவிலே புளியைக் கரைத்துச் சர்க்கரையிட்டுக் குளிரவைத்து அருந்துகின்றனர். கொரியாவில் முளைகட்டிய வாற்கோதுமை நீரில் சோற்றை ஊறவிட்டு, தானாக ஊறிவரும் இனிப்பைப் பானமாக்குகின்றனர். ஸ்பெயின் நாட்டின் வலென்சியா வட்டாரத்தில் கோரை இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் சிறு கிழங்குகளை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, பால் போன்ற ‘ஒர்ச்சாத்தா’வை எடுக்கின்றனர். தென் அமெரிக்காவில் அர்ஜெண்டினா, பராகுவே, உருகுவே மக்கள் ‘மாத்தே’ என்னும் இலையைச் சுரைக்குடுவையிலிட்டு வெந்நீர் ஊற்றி, உலோகக் குழல் வழியே உறிஞ்சுகின்றனர்.

நமக்கோ குறைவில்லை. பதநீர், இளநீர், நீர்மோர், பானகம், நன்னாரிச் சர்பத்து, சுக்குக் காப்பி, கம்பங்கூழ் என்று பட்டியல் நீளும். கோடைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, திருவிழாவுக்கு ஒன்று, உழவனின் காலைப் பசிக்கு ஒன்று என்று நம் முன்னோர் வகுத்துவைத்தனர்.

இவை அனைத்துக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. இவை யாவும் ஒரு வயலிலிருந்தோ, ஒரு மரத்திலிருந்தோ, ஒரு மாட்டுத் தொழுவத்திலிருந்தோ வந்தவை. இதற்கு மாறாக, 1767ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி நீரிலே கரியமில வாயுவைக் கரைக்கும் வழியைக் கண்டார். அது முதற்கொண்டு பானத் தொழில் வேறொரு பாதையில் செல்லத் தொடங்கியது. நீர், வாயு, சர்க்கரை, மணச் சரக்கு ஆகிய நான்கும் இருந்தால் போதும். எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் பானம் செய்யலாம் என்றாயிற்று. 1886இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒரு மருந்துக் கடைக்காரர் தயாரித்த கோக்கோ-கோலா பிறகு உலகெங்கும் பரவியது இப்பாதை வழியேதான். அத்தகைய பானத்தில் விளைவிப்போனுக்கு உரிய பங்கு மிகச் சிறிது. பெயருக்கும் விளம்பரத்துக்கும் உரிய பங்கே பெரிது.

விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர்

விளைவிப்போர் இதற்கு என்ன செய்ய இயலும் என்று சோர்வோர்க்கு ஒரு வரலாற்றை எடுத்துரைக்க விரும்புகிறேன். அது திராட்சைச் சாற்றின் வரலாறு.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்டு என்னும் ஊரில் எஃப்ரேம் புல் என்றொருவர் இருந்தார். காட்டுத் திராட்சையிலிருந்து ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்துச் சோதித்து, குளிரைத் தாங்கி முன்கூட்டியே பழுக்கும் ஒரு வகையை 1849இல் தேர்ந்தெடுத்தார். அதற்குத் தம் ஊரின் பெயரையே சூட்டினார். நாற்றுப்பண்ணை வணிகர் அக்கொடியை வாங்கிப் பதியன் போட்டு நாடெங்கும் விற்றுப் பொருளீட்டினர். புல் 1895இல் வறியவராகவே மாண்டார். அவர் விதைத்தார், பிறர் அறுத்தனர் என்னும் பொருள்பட அவர் கல்லறையில் பொறித்துள்ளனர்.

அதே கான்கார்டுத் திராட்சையைக் கொண்டு 1869இல் நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் தாமஸ் வெல்ச் ஒரு புதுமை செய்தார். மது அருந்தாக் கொள்கையுடைய அவர், தம் தேவாலயச் சடங்கில் திராட்சை மதுவுக்குப் பதிலாக மயக்கம் தராத சாறு வேண்டுமென்று எண்ணினார். திராட்சைத் தோலில் இயற்கையாகவே ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களே சாற்றைப் புளிக்கவைக்கின்றன. ஆகவே சாற்றைப் புட்டிகளில் அடைத்து, வெந்நீரிலே சூடாக்கி அவற்றை அழித்தார். பிரெஞ்சு அறிஞர் பாஸ்டர் காட்டிய வழி அது. சாறு பல மாதங்கள் புளிக்காமல் நின்றது. அவர் மகன் சார்லஸ் வெல்ச் அதைப் பெரு வணிகமாக வளர்த்தார். 1913இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சராயிருந்த பிரையன், அயல்நாட்டுத் தூதருக்களித்த விருந்தில் மதுவை நீக்கித் திராட்சைச் சாற்றைப் பரிமாறியபோது, நாடெங்கும் அதுவே பேச்சாயிற்று.

ஆனால் திராட்சை பயிரிட்டவர் நிலை என்ன? விளைச்சல் மிகுந்த ஆண்டில் பழம் கேட்பாரற்றுக் கிடக்கும். ஆலை சொன்னதே விலை. இந்நிலையை மாற்றவே பயிரிடுவோர் 1945இல் தேசியத் திராட்சைக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். தாம் கொண்டுவந்து தரும் பழத்தின் விலையில் ஒரு பகுதியைச் சங்கத்தில் விட்டுவைத்து, ஆண்டுதோறும் சேர்த்து, 1956இல் வெல்ச் நிறுவனம் முழுவதையும் விலைக்கு வாங்கிக்கொண்டனர். புல்லின் திராட்சையை வளர்த்தவர் கையில் ஆலையும் புட்டியும் பெயரும் வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. இன்றளவும் அந்நிறுவனம் பயிரிடுவோருடைய சொத்தாகவே இருந்துவருகிறது.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது அவர்கள் ஆலையைப் பெற்ற வழியாகும். தம் விளைச்சலுக்கு உரிய பணத்தில் ஒரு பகுதியை இன்று வாங்காமல் நாளைக்கு வைத்த பொறுமையே அவர்களுடைய மூலதனம். பங்குத்தொகை செலுத்த மனம் வராமல், மானியம் எப்போது வருமென்று வாசலைப் பார்த்திருக்கும் சங்கங்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

துன்பம் கற்பித்த பாடம்

இன்னொரு சான்று கிரான்பெர்ரி என்னும் சிவந்த சிறு பழத்தைப் பற்றியது. சதுப்பு நிலங்களில் விளையும் இப்பழத்தைப் பயிரிட்டுவந்த மூவர் 1930இல் ‘ஓஷன் ஸ்பிரே’ என்னும் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினர். நெடுங்காலம் அப்பழத்தின் விற்பனை பெரும்பாலும் ஆண்டிறுதிப் பண்டிகை நாட்களையே நம்பியிருந்தது. 1959 நவம்பர் மாதத்தில், பண்டிகைக்குச் சில வாரங்களே இருக்கையில், சில தோட்டத்துப் பழங்களில் தீங்கான களைக்கொல்லி மருந்து கலந்திருப்பதாக அரசு எச்சரிக்கை விடுத்தது. குற்றமற்ற தோட்டத்துப் பழமும் விற்பனையாகாமல் தேங்கிற்று. ஒரு பருவத்தையும் ஒரு பண்டத்தையும் மட்டும் நம்பியதன் விளைவு அது.

அதன் பின்னர் அச்சங்கம் பானத்தின் பக்கம் முழு மூச்சாகத் திரும்பியது. 1960களில் ஆப்பிள் சாற்றுடன் கலந்த பானத்தை விற்கத் தொடங்கிற்று. பண்டிகைப் பழம் ஆண்டு முழுவதும் பருகும் பானமாயிற்று. இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள. ஒருவன் செய்த கலப்படமோ கவனக்குறைவோ அச்சரக்கை விளைவிக்கும் அனைவரையும் கெடுக்கும் என்பது முதற்பாடம். பருவத்தில் குவிந்து அழியும் பொருளைப் பதப்படுத்தி ஆண்டு முழுவதும் பகிர்ந்து விற்பதே விளைவிப்போர்க்குக் காப்பு என்பது இரண்டாம் பாடம்.

அர்ஜெண்டினாவில் லீபிக் குடியிருப்பின் வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் 1926இல் தோன்றியது. அது தன் உறுப்பினரின் மாத்தே இலையைப் பதப்படுத்திச் சொந்தப் பெயரிலேயே விற்கிறது. இன்று அந்நாட்டில் முன்னணியில் நிற்கும் மாத்தேப் பெயர்களுள் அதுவும் ஒன்று. தென் ஆப்பிரிக்காவில் ‘ரூயிபோஸ்’ என்னும் செவ்விலைச் செடியிலிருந்து ஒரு பானம் செய்கின்றனர். அங்கே சிறு விவசாயிகள் 2001இல் ஹெய்வெல்டு கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தரகரை விலக்கி அயல்நாடுகளுக்கு நேரே அனுப்பலாயினர். அச்செடியின் பயனை முதலில் அறிந்தவர் அந்நிலத்துப் பழங்குடியினரான கோய், சான் மக்கள். அவ்வறிவுக்கு ஈடாக, பண்ணையில் கொள்முதலாகும் இலையின் மதிப்பில் நூற்றுக்கு 1.5 பங்கு அவர்களுக்குச் சேரவேண்டும் என்று 2019இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. தொகை சிறிதே, ஆயினும் அறிவுக்கும் விலை உண்டு என்று ஒப்புக்கொண்டது பெரிது.

தேயிலையின் எச்சரிக்கை

ஆலை கைக்கு வந்துவிட்டால் எல்லாம் கைக்கு வந்துவிடுமா? வந்துவிடாது என்பதற்குத் தேயிலையே சான்று. கென்யா நாட்டில் சிறு தேயிலை விவசாயிகளுக்காக 1964இல் ஏற்பட்ட அமைப்பு 2000ஆம் ஆண்டில் விவசாயிகளுக்கே உரிமையாயிற்று. பல இலட்சம் சிறு விவசாயிகள் தங்கள் ஆலைகளுக்குத் தாமே பங்குதாரர்கள். எனினும் அவர்களுடைய தூளில் பெரும்பகுதி மொம்பாசா ஏலத்தில் மூட்டையாகவே விலைபோகிறது. அதை வாங்கிக் கலந்து, அழகிய பெட்டியில் அடைத்துப் பெயரிடுவோர் கடல் கடந்த நாட்டார். ஏலத்தில் விலை இறங்கினால் விவசாயியின் அடுப்பும் தணிகிறது. பெட்டியின் விலையோ அதற்கேற்ப இறங்குவதில்லை.

நம் நீலகிரியிலும் இதே நிலைதான். அங்கே சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலை ஆலைகளுக்கென 1965இல் இண்ட்கோசர்வ் என்னும் தலைமைச் சங்கம் அமைந்தது. பசுந்தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை வேண்டுமென்ற குரல் அம்மலைகளில் இன்னும் ஓயவில்லை. இலங்கை மலைகளிலும் நீலகிரியிலும் கொழுந்து பறித்துக் கை காய்த்துப்போன தமிழ்த் தொழிலாளரின் வாழ்க்கையை அறிந்தவர்க்கு, ஒரு கோப்பைத் தேநீரின் விலை எங்கெங்கே பிரிந்து செல்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

கடைசிக் கண்ணியாகிய கடை வரையிலும் கூட்டுறவு செல்ல முடியும் என்று காட்டியவர்களும் நம் நாட்டிலேயே உள்ளனர். காப்பி வாரியம் தன் காப்பி நிலையங்களை மூடத் தொடங்கிய வேளையில், வேலையிழந்த தொழிலாளர் 1957இல் ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, இந்தியன் காப்பி ஹவுஸ்களைத் தாமே நடத்தலாயினர். நேற்றுவரை தட்டேந்திப் பரிமாறியவர்களே உரிமையாளர் ஆயினர். அந்நிலையங்கள் பல ஊர்களில் இன்றும் நடைபெறுகின்றன.

நெசவாளர் உறுப்பினர்கள் இதை எளிதில் உணர்வர். தறி சொந்தமாயிருந்தும், பாவும் ஊடையும் முதலாளியுடையதாகவும் விற்பனை வணிகனுடையதாகவும் இருந்த காலத்தில் நெய்தவனுக்குக் கூலி தவிர வேறு கிட்டவில்லை. 1935இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றி, நெசவாளர் சங்கங்களின் துணிக்கென்று கடைகள் திறந்த பிறகுதான் சேலையின் மதிப்பில் ஒரு பங்கு தறிமேடைக்குத் திரும்பி வரத்தொடங்கியது. துணிக்கு எது நியாயமோ அதுவே பானத்துக்கும் நியாயம்.

நமது பதநீர்

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருவோம். உலகத்துப் பானங்களில் பதநீருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதைக் காய்ச்ச வேண்டியதில்லை, அரைக்க வேண்டியதில்லை. பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டினால் பனையே பானத்தை வடித்துத் தருகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பின் காரத்தன்மை நுண்ணுயிர்களை அடக்கிச் சாற்றைப் புளிக்காமல் காக்கிறது. அமெரிக்க மருத்துவர் வெந்நீரால் செய்ததை நம் பனையேறி ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பால் செய்துவந்தான்.

1937இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி அரசு மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, கள் இறக்கியவர்க்கு வாழ்வு காட்டவேண்டிய கடமை எழுந்தது. பதநீரும் பனைவெல்லமுமே அதற்கு விடையாயின. பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் பெருகியதும் அந்நோக்கத்தாலேதான்.

இன்று பனையேறுவோர் தொகை அருகிவருகிறது. நாளுக்கு இருமுறை, மரத்துக்கு மரம், உயிரைப் பணயம் வைத்து ஏறி இறங்குகிறவன் தன் மகனை அத்தொழிலுக்கு அனுப்ப விரும்பவில்லை. அவனைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. நல்லதே. ஆனால் மரத்தை மட்டும் காத்துவிட்டு ஏறுகிறவனைக் காவாமல் விட்டால், நிற்கும் பனை நிழலுக்கும் போதாது. ஏறுகிறவனைக் காப்பது அவன் இறக்கும் பதநீருக்குக் கிடைக்கும் நல்ல விலையே.

2017ஆம் ஆண்டு மார்ச்சு முதல் தேதியிலிருந்து அயல்நாட்டுப் பெரும் பானங்களை விற்கமாட்டோம் என்று நம் மாநிலத்து வணிகர் அமைப்புகள் அறிவித்ததை அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஏறுதழுவல் கிளர்ச்சியின் எழுச்சி அது. சில காலம் உள்ளூர்ப் பானங்கள் கடைகளில் இடம் பெற்றன. பிறகு பழைய புட்டிகளே பெரும்பாலும் திரும்பி வந்து அமர்ந்தன. காரணம் என்ன? வேண்டாம் என்று ஒன்றை ஒதுக்கினோம். அவ்விடத்தை நிரப்ப வேண்டிய நம் சரக்கு, வேண்டிய அளவில், ஒரே தரத்தில், கடைதோறும் ஆயத்தமாக இருக்கவில்லை. மறுப்பு ஒரு நாளைக்குப் போதும். மாற்று ஆண்டு முழுவதும் வேண்டும்.

மறுப்புரைக்கு மறுமொழி

‘பதநீர் ஒரு நாளில் கெடும், இதை எப்படிப் பெரு வணிகமாக்குவது?’ என்பர் சிலர். பால் கெடாதா? 1946இல் குஜராத்தின் கேடா மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர், தனியார் நிறுவனம் தந்த குறைந்த விலையை எதிர்த்து ஆனந்த் நகரில் சங்கம் கண்டனர். பால் விரைவில் கெடும் என்பதே அவர்களுடைய பலவீனமாயிருந்தது. ஊர்தோறும் சேகரிப்பு, உடனுக்குடன் தரச் சோதனை, குளிரூட்டல், குறித்த நேரத்தில் வண்டி என்று அமைத்ததும் அப்பலவீனம் நீங்கிற்று. இன்று கூட்டுறவு மோர் புட்டியிலும் உறையிலும் நகரக் கடைகளில் கிடைக்கிறது. நீர்மோரை எவன் காசு கொடுத்து வாங்குவான் என்று ஒரு காலத்தில் கேட்டிருப்போம் அன்றோ?

‘முயன்றவர் தோற்றனரே’ என்பர் வேறு சிலர். உண்மைதான். அண்டை மாநிலமாகிய கேரளத்தில் தென்னை நீராவுக்கு இசைவு கிடைத்ததும் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பல ஆர்வத்தோடு இறங்கின. ஆனால் எதிர்பார்த்த விற்பனை நிலைத்து நிற்கவில்லை. நம் மாநிலத்திலும் 2017இல் தென்னை நீராவுக்கு இசைவு அறிவிக்கப்பட்டது. ஆயினும் அது இன்னும் ஊரறிந்த பானமாகவில்லை. இறக்கத் தெரிந்தது போல விற்கவும் தெரிய வேண்டும் என்பதே இதன் பாடம். ஊருக்கொரு பெயர், ஊருக்கொரு சுவை என்று பிரிந்து நின்றால் எந்தப் பெயரும் மக்கள் மனத்தில் பதியாது.

பதநீரை அமுதமென்று மிகைப்படுத்தி விளம்பரம் செய்வதையும் நான் ஏற்கவில்லை. அதிலும் சர்க்கரை உண்டு. நீரிழிவு உடையவர்க்கு அது மருந்தன்று. உள்ளதை உள்ளபடி சொல்லி விற்பதே கூட்டுறவுக்கு அழகு. அதனினும் கொடியது, தண்ணீரும் செயற்கை இனிப்பும் கலந்து பதநீர் என்று சாலையோரத்தில் விற்கும் வழக்கம். கிரான்பெர்ரி விவசாயிகளின் கதையை இங்கே நினைவூட்டுகிறேன். பொய்ப் பதநீரைக் குடித்து ஏமாந்தவன் மெய்ப் பதநீரையும் வாங்கமாட்டான்.

செய்யத்தக்கவை

நம் சங்கங்களின் முன் மூன்று கருத்துகளை வைக்கிறேன்.

முதலாவது, விலையில் ஒரு சிறு பகுதியை நிதியாக விட்டுவைத்தல். விளைவிப்போர் ஒவ்வொருவரும் தாம் கொண்டுவரும் சரக்கின் மதிப்பில் ஒரு பங்கைச் சங்கத்தில் விட்டு, அதற்கு உரிய சான்று பெற்றுக்கொள்ளலாம். அந்நிதியே குளிரூட்டும் கருவிக்கும் புட்டி நிரப்பும் கூடத்துக்கும் வித்தாகும். கணக்கு ஆண்டுதோறும் பேரவையில் ஒளிவுமறைவின்றி வாசிக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, வட்டாரத்துச் சங்கங்கள் யாவும் ஒரே பெயர், ஒரே தரம் என்று இணைதல். பனைவெல்லச் சங்கம், தென்னை விளைவிப்போர் சங்கம், பால் சங்கம் ஆகிய மூன்றும் தனித்தனியே வண்டியோட்டுவதைவிட, ஒரே குளிர்வண்டியில் பதநீரும் இளநீரும் மோரும் செல்வது சிக்கனம். பதநீர் ஓயும் பருவத்தில் மோர் அவ்வண்டியை நிரப்பும்.

மூன்றாவது, நம் வீட்டிலிருந்தே தொடங்குதல். நெசவாளர் சங்கத்துப் பேரவைக் கூட்டத்தில் அயலார் புட்டிகளை அடுக்கிவைத்து உபசரிக்கும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. கைத்தறி உடுத்துங்கள் என்று ஊரைக் கேட்கும் நாம், பக்கத்து ஊர்ப் பனையேறியின் பானத்தை வாங்காதிருத்தல் முறையாகுமா? நெசவாளர் பதநீரை வாங்க, பனையேறியும் உழவரும் கைத்தறியை உடுத்தினால், ஒரு சங்கம் மற்றொரு சங்கத்துக்கு முதல் வாடிக்கையாகும். தறிக்கூடத்தில் நாளெல்லாம் வியர்வை சிந்துவோர்க்குக் கோடையில் ஓலைப்பட்டையில் ஊற்றிய பதநீர் கொடுத்துப் பாருங்கள், விளம்பரம் வேண்டியிராது.

பனை பாளைவிடும் பருவத்துக்கு முன்னரே இதற்கான ஏற்பாடு நடந்தாக வேண்டும். பாளை வந்தபின் கூடிப் பேசினால் கோடை கழிந்துவிடும். ஆகவே அடுத்த பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இப்பொருளைச் சேர்க்குமாறு அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் சங்கச் செயலாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். தீர்மானம் சிறிதாக இருக்கட்டும்: இவ்வாண்டுக் கோடையில் நம் சங்கக் கூட்டங்களிலும் விற்பனை நிலையங்களிலும் நம் விளைவிப்போர் பானங்களையே வாங்குவது; அதற்குரிய பணத்தை உடனுக்குடன் செலுத்துவது. அவ்வளவு செய்தால் முதற்படி ஏறியவராவோம்.